காயம் ஆறும் காலம்

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. ஒரு தாயும் அவருடைய பன்னிரண்டு வயது மகளும் கோவில் வாயிலில் நமக்காகக் காத்து நின்றனர். சிறுமியின் இடது கணுக்காலில் கட்டுப் போடப்பட்டிருந்தது. தாயின் தோளைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் பெண் அவள். மேசையைத் தாண்டித் தரையில் இறங்கியபோது பாதம் உட்புறமாகப் பிரண்டுவிட்டதாம். எலும்பு முறியவில்லை, எனினும் ஆறு வாரமேனும் தாண்டுதலும் குதித்தலும் கூடா என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"சாமி, இன்னும் மூன்று வாரத்தில் போட்டி. இதில் இடம் பிடித்தால்தான் அடுத்த நிலைக்குப் போகமுடியும். அதற்குள் கால் குணமாகவேண்டும் என்று கைவைத்துச் செபியுங்கள்" என்றார் தாய். தையல் வேலை செய்து மகளின் பயிற்சிக் கட்டணத்தைச் செலுத்திவருபவர் அவர். நாளை கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்த வேண்டுதலுக்குப் பின்னால் இருந்தது.

நாம் செபித்தோம். மெழுகுதிரி ஏற்றத் தாய் கெபிப் பக்கம் சென்றதும், சிறுமி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சாமி, மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால் அம்மா அழுவார்கள். அதனால் வலியில்லை என்று சொல்லிவிடப் போகிறேன்."

அச்சொற்கள் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. அவை பாவசங்கீர்த்தனத்தில் கேட்டவை அல்ல. தாயும் மகளும் பின்னர் இசைந்ததாலேயே இங்கு எழுதுகிறோம். கணுக்காலின் சுளுக்கைவிடப் பெரியதொரு காயத்தை அந்தக் குழந்தை தாங்கி நின்றாள். தன் வலியைப் பெற்ற தாயிடமே மறைக்கவேண்டும் என்று அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள். இதற்கு மருந்து எது? ஓடியாடும் பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்கள் யாவும் சிந்திக்கவேண்டிய வினா இது.

சுமந்து வந்த நால்வர்

கப்பர்நாகூமில் முடக்குவாதத்தால் வருந்திய ஒருவரை நான்கு பேர் சுமந்து வந்த நிகழ்ச்சியைப் புனித மாற்கு எழுதிவைத்திருக்கிறார். கூட்ட நெருக்கத்தால் வாயில் வழியே நுழைய இயலாமல், கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவரை ஆண்டவர் முன் இறக்கினார்கள். குணமளித்தவர் ஆண்டவரே, ஆயினும் அந்த நால்வரின் உழைப்பையும் விசுவாசத்தையும் அவர் பயன்படுத்திக்கொண்டார். நால்வருள் ஒருவர் மட்டும் அவசரப்பட்டுத் தம் பக்கத்தை விரைந்து இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படுக்கை சாய்ந்திருக்கும், நோயாளி தலைகீழாக விழுந்திருப்பார்.

அடிபட்ட ஓர் இளம் வீராங்கனையின் படுக்கையையும் நால்வர் சுமக்கின்றனர். மருத்துவர் ஒருவர், பயிற்சியாளர் ஒருவர், பெற்றோர் ஒரு பக்கம், உடன் பயிலும் தோழியர் மறு பக்கம். நால்வரும் ஒரே சீராக இறக்கவேண்டும். போட்டி அட்டவணையைப் பார்த்து எவரேனும் அவசரப்பட்டால் விழப்போவது குழந்தையே. ஆறும் நாளைக் குறிக்கும் உரிமை அவளுடைய உடலுக்கே உரியது.

வளரும் எலும்பின் இயல்பு

ஜிம்னாஸ்டிக்ஸ் காண்பதற்கு இறகுபோல் இலகுவானது. உடலுக்கோ மிகக் கடுமையானது. பெண்கள் நடந்தும் துள்ளியும் காட்டும் சமநிலைக் கட்டையின் அகலம் 10 சென்டிமீட்டரே. தரையிலிருந்து அதன் உயரம் 125 சென்டிமீட்டர். உயரத்திலிருந்து சுழன்று இறங்கும்போது உடலெடையைப்போல் பல மடங்கு விசை பாதத்தையும் முழங்காலையும் முதுகையும் தாக்குகிறது. மற்ற விளையாட்டுகளில் கால்களே உடலைச் சுமக்கும். இங்கே கைகளும் சுமக்கின்றன.

இத்தனை விசையும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின்மேல் விழுகிறது. பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. வளர்ச்சித் தட்டு என்று அதனை அழைப்பர். எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடியும்வரை, மூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் நார்களைவிட இத்தட்டே வலிமை குறைந்தது. ஆதலால் பெரியவர்களுக்கு வெறும் சுளுக்காக முடியும் ஒரு விபத்து, சிறுவர்க்கு வளர்ச்சித் தட்டின் முறிவாக அமைந்துவிடலாம். சில வேளைகளில் எக்ஸ்ரே படத்திலும் அது தெளிவாகத் தெரியாது. படத்தில் ஒன்றுமில்லை என்றதும் பயிற்சிக்கு அனுப்பிவிடாமல், எலும்பின் மேலேயே அழுத்தினால் வலிக்கிறதா என்பதை மருத்துவர் மீண்டும் பார்க்கவேண்டும்.

திடீரென நேரும் காயங்களே அன்றி, நாளடைவில் சேரும் காயங்களும் உண்டு. கைகளை ஊன்றி ஊன்றி மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டு நலிவுறும். முதுகைப் பின்னோக்கி வளைத்து வளைத்துக் கீழ்முதுகின் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றும். குதித்துக் குதித்துக் குதிகாலிலும் முழங்காலின் கீழும் வலி பிறக்கும். இவை ஒரே நாளில் வருவதில்லையாதலால் பெற்றோர் கவனிப்பதில்லை. பயிற்சிக்குப் பின் மட்டும் இருந்த வலி பயிற்சியின்போதும் வந்தால், இரவில் உறக்கத்தைக் கெடுத்தால், இரண்டு வாரம் கடந்தும் நீடித்தால், அதனை வளரும் வயதின் வலி என்று தள்ளிவிடலாகாது.

முதல் இரண்டு நாட்கள்

மூட்டுப் பிசகியவுடன் செய்யவேண்டியவை எளியவை. பயிற்சியை அப்போதே நிறுத்தவேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வைத்தெடுத்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் வைக்கலாம். வெறுந்தோலின்மேல் வைத்தால் தோல் புண்ணாகும். நெகிழும் பட்டையால் அளவாகக் கட்டி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கவேண்டும். முதல் இரண்டு நாட்களில் சூடான ஒத்தடமும், எண்ணெயிட்டு உருவுதலும் வீக்கத்தை மிகுவிக்கும். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி மூட்டை இழுத்து மடக்குவது, உள்ளே முறிவு இருந்தால் பெருந்தீங்காகிவிடும்.

நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால், மூட்டின் வடிவம் மாறியிருந்தால், விரல்கள் மரத்துப்போனால், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தலைகுப்புற விழுந்து கழுத்திலோ முதுகிலோ வலி என்று சொல்லும் குழந்தையைத் தூக்கி நிறுத்த முயலவே கூடாது. கழுத்தை அசையாமல் காத்து, உதவி வரும்வரை அருகே அமர்ந்திருக்கவேண்டும். இன்னொன்றும் சொல்வோம்: வலி தீர்க்கும் மாத்திரை ஓய்வுக்குத் துணையாகலாம், ஓய்வின்றிப் பயிற்சி செய்வதற்குக் கருவியாகக் கூடாது. வலி என்பது உடலின் மொழி. அதன் வாயை அடைத்துவிட்டால் பின்னர் எதைக் கேட்டு நடப்பது?

அவசரத்தின் விலை

அவசரம் எதுவரை கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. சோவியத் நாட்டின் எலேனா முகினா, 1978ஆம் ஆண்டு பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் நடந்த உலகப் போட்டியில் பெண்களுக்கான ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றவர். அப்போது அவருக்கு வயது 18. மறு ஆண்டில் அவருடைய கால் முறிந்தது. 1980இல் ஒலிம்பிக் போட்டி மாஸ்கோவில், சொந்த நாட்டில், நடைபெறவிருந்தது. முறிவு முற்றும் கூடுமுன்பே கட்டு அகற்றப்பட்டு, அவர் பயிற்சிக்குத் திரும்பவேண்டியதாயிற்று.

அவர் பழகவேண்டியிருந்த சுழற்சிகளுள் ஒன்று மிக அபாயமானது. அதில் கால்களால் இறங்குவதில்லை. காற்றில் சுழன்று, தோளும் முதுகும் தரையில் உருளும்படி இறங்கவேண்டும். போதிய உயரம் எழும்பாவிட்டால் தலையே தரையில் மோதும். உயரம் எழும்புவதற்கு வலிய கால் வேண்டும். அவருக்கோ ஆறாத கால். 1980 ஜூலை 3ஆம் நாள், ஒலிம்பிக் தொடங்கப் பதினாறு நாட்களே இருக்கையில், மின்ஸ்க் நகரில் நடந்த பயிற்சியில் அவருடைய கழுத்து முறிந்தது. கை கால்கள் செயலிழந்தன. இருபது வயதில் படுக்கையுற்ற அவர், 2006 டிசம்பரில், தம் 46ஆம் வயதில் இறந்தார். இனி ஒலிம்பிக்கிற்குப் போகவேண்டியதில்லை என்ற நிம்மதியே விழுந்த கணத்தில் தம் மனத்தில் எழுந்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இதனினும் துயரமான சாட்சியம் வேண்டுமா? முறிந்த கழுத்தையே விடுதலையாக எண்ணும்வரை ஓர் இளம்பெண் நெருக்கப்பட்டாள்!

எல்லாக் காயங்களும் இவ்வாறு முடியும் என்று அச்சுறுத்துவதற்காக இதனை எழுதவில்லை. இன்று அந்தச் சுழற்சி பெண்களின் போட்டிகளில் தடைசெய்யப்பட்டுள்ளது. மூத்தோர் பன்னாட்டுப் போட்டிகளில் பெண்கள் பங்குபெறுவதற்கான குறைந்த வயது 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. விதிகள் திருந்தியுள்ளன. ஆனால் ஆறாத காலைப் போட்டிக்கு இழுக்கும் ஆசை எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் ஒன்றே. நம் பங்கிலும் அதுவே.

பொறுமையின் கனி

இனி நம் நாட்டுக் கதையொன்றைக் காண்போம். திரிபுரா மாநிலத்து அகர்தலாவில் 1993இல் பிறந்தவர் தீபா கர்மாகர். குழந்தைப் பருவத்தில் அவருக்குத் தட்டைப் பாதம்; இவ்விளையாட்டிற்கு அது குறையாகும். பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தியின் துணையோடு அக்குறையை வென்று, 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் பெற்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பங்குபெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆனார். மேசைத் தாண்டலில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காம் இடம். பதக்கம் தவறியது 0.150 புள்ளியில்.

மறு ஆண்டே முழங்காலின் முன்புறச் சிலுவை நார் அறுந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இத்தகைய சிகிச்சைக்குப் பின் விரைந்து களத்துக்குத் திரும்புவோர்க்கு முழங்கால் மீண்டும் காயமுறும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் ஏறத்தாழ ஒன்பது மாதமேனும் காத்திருக்கும்படி இன்றைய மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தீபா பங்குபெறவில்லை. நாடே எதிர்பார்த்த ஒரு பதக்கத்தை விட்டுக்கொடுத்து முழங்காலைக் காத்துக்கொண்டார். அவ்வாண்டு ஜூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் நடந்த உலகச் சவால் கோப்பைப் போட்டியில் களமிறங்கித் தங்கம் வென்றார். அன்று அவர் தம் புகழுக்குக் காரணமான புரொடுனோவா என்னும் அபாயமான பாய்ச்சலைச் செய்யவில்லை. முழங்கால் தாங்கக்கூடிய பாய்ச்சல்களையே செய்தார்.

அத்தோடு எல்லாம் சீராகிவிடவில்லை. அடுத்த மாதமே ஜகார்த்தாவின் ஆசியப் போட்டியில் முழங்கால் தொல்லை தந்தது. குழுப் போட்டியின் இறுதியிலிருந்து விலகினார். அதன் பின்னும் இடர்கள் பல. எனினும் 2024 மே மாதம் தாஷ்கண்ட் நகரில் நடந்த ஆசிய வாகையர் போட்டியில், தம் முப்பதாம் வயதில், தங்கம் வென்றார். அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார். காயம் ஆறுவது நேர்கோடன்று. ஏறியும் இறங்கியும் செல்லும் மலைப்பாதை. அதனை முன்பே அறிந்திருக்கும் குடும்பம் முதல் சறுக்கலிலேயே மனம் உடைவதில்லை.

படிப்படியாகத் திரும்புதல்

ஓய்வு என்றால் கட்டிலிலேயே கிடத்தல் என்று பொருளன்று. கால் அடிபட்டவள் வயிற்றுத் தசைகளையும் தோள்களையும் வலுப்படுத்தலாம். கை அடிபட்டவள் கால்களுக்குப் பயிற்சி தரலாம். மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் காட்டும் அளவில் செய்தால், உடலும் தளராது, உள்ளமும் சோராது.

சுளுக்கிய கணுக்காலுக்கு நான்கு படிகள் உண்டு. முதலாவது, வலியின்றி மூட்டை எல்லாத் திசையிலும் அசைத்தல். இரண்டாவது, வலிமை: ரப்பர்ப் பட்டையை எதிர்த்துத் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல். மூன்றாவது, சமநிலை. இதனைப் பலர் விட்டுவிடுகின்றனர். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு உணர்த்தும் ஆற்றல் சுளுக்கினால் மங்கிவிடுகிறது. வீக்கம் வடிந்தபின்னும் அதே கால் மீண்டும் மீண்டும் பிரளுவதற்கு இது ஒரு காரணம். ஒற்றைக் காலில் நிற்றல், பின்னர் கண்களை மூடி நிற்றல், பின்னர் மெத்தைமேல் நிற்றல் என நாள்தோறும் பழகினால் மறுசுளுக்கு குறையும். நான்காவது, குதித்தல்: ஒற்றைக் காலால் தாண்டும் தூரம் நலமான காலுக்கு ஈடாகவேண்டும்.

இவை நிறைந்த பின்னரே அரங்கப் பயிற்சி. அங்கும் தரையில் கிடத்திய கட்டையில் தொடங்கி உயரமான கட்டைக்கும், தடித்த மெத்தையில் தொடங்கிப் போட்டித் தரைக்கும், சில இறக்கங்களில் தொடங்கிப் பலவற்றுக்கும் ஏறவேண்டும். மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ இருந்தால் ஒரு படி கீழே இறங்கவேண்டும். அது தோல்வியன்று; உடல் தரும் அறிவுரை.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பயிற்சியின்றி உடல் பருத்துவிடும் என்றஞ்சிப் பெண்பிள்ளைகள் சிலர் உணவைக் குறைத்துக்கொள்கின்றனர். ஆறும் எலும்புக்கும் நாருக்கும் உணவே மூலப்பொருள். கேழ்வரகு, பால், முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவை நம் வீடுகளுக்குப் புதியனவல்ல. உழைப்புக்கேற்ற உணவு இல்லாவிட்டால் மாதவிலக்கு நின்றுபோகும்; எலும்பும் நலிவுறும். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் மருத்துவ அறிஞர்கள் 2014இல் இதனைத் தனி நோய்க்குறியாகவே வரையறுத்தனர். பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணையும், மாதவிலக்கு நின்றுபோன பெண்ணையும் தாய்மார்கள் கூச்சமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

உள்ளத்தின் காயம்

ஆறு வயது முதல் நாள்தோறும் அரங்கிற்குச் சென்ற பெண், திடீரென வீட்டில் அமர்த்தப்படுகிறாள். தோழியர் புதிய வித்தைகளைக் கற்கின்றனர். துள்ள முடியாத தன்னை யார் மதிப்பார் என்ற ஐயம் அவளுக்குள் எழுகிறது. அந்த நாட்களில் வீட்டில் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் மருந்தாகும், அல்லது நஞ்சாகும். "எப்போது திரும்பப் போகிறாய்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். செலவழித்த பணத்தை அவள் காதுபடக் கணக்கிடாதீர்கள். உங்களுக்கும் ஏமாற்றம் உண்டு. அதனைக் கணவன் மனைவி தமக்குள் பேசி, ஆண்டவர் பாதத்தில் இறக்கிவையுங்கள். குழந்தையின் தோளில் அதனை ஏற்றவேண்டாம்.

கால் ஆறியபின்னும் அச்சம் ஆறாமலிருக்கலாம். விழுந்த அதே இடத்தில், அதே பாய்ச்சலுக்கு முன், அவள் தயங்கி நிற்பாள். அது கோழைத்தனமன்று. உலகம் கண்ட தலைசிறந்த வீராங்கனையாகிய சிமோன் பைல்ஸ், கத்தோலிக்க நெறியில் வளர்க்கப்பட்டவர். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் குழு இறுதிப் போட்டியில் ஒரே பாய்ச்சலுக்குப் பின் அவர் விலகிக்கொண்டார். காற்றில் சுழலும்போது தம் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வை அவர் இழந்திருந்தார். அந்நிலையில் சுழல்வது உயிருக்கே ஆபத்து. பலர் ஏசினர். அவரோ காத்திருந்தார். 2024இல் பாரிஸ் நகரில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். 'இன்று என்னால் முடியாது' என்று சொல்லத் துணிந்ததே அவரை மீட்டது.

இப்படிச் சொல்லும் துணிவைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டியவர்கள் நாமே. அமெரிக்காவில், சிகிச்சை என்ற பெயரில் ஒரு மருத்துவர் நூற்றுக்கணக்கான இளம் வீராங்கனையரைப் பல்லாண்டு சீரழித்த கொடுமை 2018இல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றது. வலியை விழுங்கப் பழக்கப்பட்ட குழந்தை, தனக்கு இழைக்கப்படும் தீங்கையும் விழுங்கிக்கொள்ளும். திருச்சபையினராகிய நாமும் தலைகுனிந்து கற்றுக்கொண்ட பாடம் இது. ஆகவே சிகிச்சையின்போதும் பயிற்சியின்போதும் தாயோ நம்பிக்கைக்குரிய பெண்ணொருவரோ அருகிருத்தல் நலம். அவள் எதைச் சொன்னாலும் நம்பிக் கேட்டல் அதனினும் நலம்.

தோழியரின் பங்கை மறக்கலாகாது. அடிபட்டவளை அரங்கிலிருந்து விலக்கிவிடாமல், வந்து அமர்ந்து பார்க்கவும், இளையவர்களைத் திருத்தவும் பயிற்சியாளர் இடமளிக்கவேண்டும். கண்களை மூடி, தான் கற்ற அசைவுகளை ஒவ்வொன்றாக மனத்தில் செய்து பார்ப்பதும் ஒரு பயிற்சியே. பெரும் வீரர்களும் அதனைச் செய்கின்றனர்.

இஞ்ஞாசியாரின் படுக்கை

1521 மே மாதம் பம்பலோனா கோட்டையைக் காத்து நின்ற ஒரு படைவீரரின் காலைப் பீரங்கிக் குண்டு சிதைத்தது. எலும்பு சரியாகப் பொருந்தாமையால் மீண்டும் முறித்துப் பொருத்தினார்கள். முழங்காலின் கீழ் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அழகிய காலணி அணிய இயலாதே என்று அவ்வீரர் அதனையும் அறுக்கச் சொல்லி, அந்தக் கொடிய வலியைப் பொறுத்தார். அத்தனை செய்தும் வாழ்நாள் முழுவதும் சற்றே விந்தி நடந்தார். படுக்கையில் நாள் போக்க வீரக் கதைகள் கேட்டார். அவ்வீட்டில் கிடைத்தவையோ ஆண்டவரின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும். மாதக்கணக்கில் அசையாது கிடந்த அந்நாட்களே லொயோலா இஞ்ஞாசியாரை உருவாக்கின. அவர் பாரிஸ் நகரில் நண்பராகப் பெற்ற புனித பிரான்சிஸ் சவேரியாரே 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

காயத்தை இறைவன் விரும்பி அனுப்புகிறார் என்று நாம் சொல்லமாட்டோம். வீணாய்ப் போனதாகத் தோன்றும் மாதங்களையும் அவர் வீணாக்குவதில்லை என்றே சொல்வோம். ஒரு நூல், ஒரு கைத்தொழில், தள்ளிப்போட்ட படிப்பு, பாட்டியோடு சொல்லும் ஒரு செபமாலை ஆகியவற்றுக்கு இந்நாட்களில் இடமுண்டு. தான் பதக்கத்தினும் பெரியவள் என்பதை அவள் கண்டுகொள்வாளாயின், அக்காலம் அருளின் காலமே. புனித பவுல் அடிகளார் உடலைத் தூய ஆவியின் ஆலயமாகக் காணச் சொன்னார். விளையாட்டைப் பற்றித் திருப்பீடம் 2018 ஜூன் முதல் நாள் வெளியிட்ட ஏடும், வீரரின் உடலை வெறும் பொருளாக நடத்துவதைப் பெரியதொரு சவாலாகக் குறிப்பிடுகிறது. ஆலயத்தில் விரிசல் கண்டால், திருவிழா நெருங்குகிறது என்று சுண்ணாம்பு பூசி மறைப்போமா?

அந்தத் தாயும் மகளும்

அடுத்த வாரம் நாம் அச்சிறுமியிடம், "நீ என்னிடம் சொன்னதை அம்மாவிடமே சொல், நான் உடன் இருக்கிறேன்" என்றோம். பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து அவள் சொன்னாள். தாய் அழுதார், ஆனால் போட்டிக்காக அழவில்லை. மறுநாளே பயிற்சியாசிரியையைக் கண்டு பேசினார். போட்டி நாளன்று சிறுமி அரங்கிற்குச் சென்றாள். தோழியரின் கைகளுக்கு வெள்ளைப் பொடி எடுத்துக் கொடுத்து, கைதட்டி, மாலையில் வீட்டுக்கு வந்து சற்று நேரம் அழுதாள். அதன்பின் ஒற்றைக் காலில் நின்று பழகினாள். பல் துலக்கும்போதும் அவ்வாறே நிற்பாள் என்று தாய் சிரித்துக்கொண்டே சொன்னார். ஐந்தாம் மாதத்தில் மீண்டும் மேசையைத் தாண்டினாள்.

சென்ற மாதம் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் அவளுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். மறுநாள் தாய் நன்றிப் பூசைக்குக் கருத்து எழுதித் தர வந்தார்.

"ஐந்தாம் இடத்துக்கா நன்றிப் பூசை?" என்று வியந்து கேட்டோம்.

"இல்லை சாமி. இப்போது வலித்தால் வலிக்கிறது என்று என்னிடம் சொல்கிறாள். அதற்காக."

அக்கருத்துக்காகவே மறுநாள் காலைத் திருப்பலியை ஒப்புக்கொடுத்தோம்.